இடது கை வேண்டாம்

குழந்தைகள் இதய வார்டில் அவளுக்கு வைத்த பெயர் கத்திரிக்காய். பிறந்தபோது உதடும் நகமும் அந்த நிறத்தில் இருந்தன. எட்டாம் மாதம், இடது கைக்குப் போகிற இரத்தக் குழாயை வெட்டி நுரையீரல் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஐந்து வயதில் பெரிய ஆபரேஷன் நடந்தது. நிறம் போனது, பெயர் போகவில்லை.

குழாய் போன இடது கையில் நாடி தேடினாலும் கிடைக்காது. பிரஷர் பார்த்தால் பாதி ஆளின் கணக்குத்தான் வரும். அதனால் வார்டு வாசலிலேயே அவள் இடது மணிக்கட்டில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவார்கள். இந்தக் கையைத் தொடாதே என்று அர்த்தம். நேற்று வேலைக்குச் சேர்ந்த நர்ஸுக்கும் அது தெரியும்.

பதினெட்டு முடிந்த மாதம், கவுண்டரில் இருந்தவர் பிறந்த தேதியை இரண்டு முறை பார்த்தார்.

"இனிமே இங்க வரக்கூடாதும்மா. எதிர்ல பெரியவங்க ஆஸ்பத்திரி இருக்கு."

"லெட்டர் ஏதாவது குடுப்பீங்களா சார்?"

"எதுக்கு லெட்டர்? நல்லாத்தானே இருக்கே."

அம்மா அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டாள். அடுத்த ஆறு வருடம் அந்த இதயத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பதினெட்டு வருடம் பொத்திப் பொத்திப் பார்த்துவிட்டு, பிறந்தநாள் வந்ததும் நடுத்தெருவில் இறக்கிவிடுவதற்குப் பெயர் விதிமுறையாம்.

அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லைகளுக்கு விளிம்பு தீட்டுகிறாள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு தட்டில் வரும், கூடவே பவரும் அளவும் எழுதிய சீட்டு. சீட்டு இல்லாத தட்டை யாரும் தொடமாட்டார்கள். இந்த வருடம் கடை மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு நின்று நின்று வந்தது.

"என்னம்மா, படிய எண்ணிட்டு வர்றியா?" என்று கடைக்காரர் கேலி செய்தார். நான்காம் நாள் அவரே லீவு கொடுத்து அனுப்பினார்.

அம்மாவோடு பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வரிசை முழுக்க அப்பா வயதுக்காரர்கள். "யாருக்கும்மா, அப்பாவுக்கா?" என்று கேட்ட நர்ஸ், பதிலுக்குக் காத்திராமல் அவளுடைய இடது கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். அவள் மறு கையை நீட்டினாள்.

"அந்தக் கை வேண்டாம் சிஸ்டர். இதுல பாருங்க."

"எந்தக் கைன்னு எனக்குத் தெரியும்."

எழுபது காட்டியது. மறுபடியும் எழுபது. நர்ஸ் ஓடினாள். இளம் டாக்டர் வந்தார், படுக்கையில் சாய்த்தார்கள், கம்பியில் உப்புநீர் பாட்டில் ஏறியது.

"சார், சின்ன வயசுல இந்தக் கைக் குழாய வெட்டிட்டாங்க. இதுல எப்பவும் இப்படித்தான்."

"பழைய ஃபைல் எங்க?"

"எதிர் ஆஸ்பத்திரியில."

"அது நமக்கு வராது. இப்ப பிரஷர் இறங்கியிருக்கு, அதைத்தான் பார்க்கணும்."

"சும்மா இருடி," என்று அம்மா காதோரம் சொன்னாள். "அவங்க படிச்சவங்க."

நடுவில் இருப்பது ஒரு தெரு. அதைக் கடக்க அவளுக்கு மூச்சு வாங்குகிறது. ஆனாலும் கடந்துவிடுகிறாள். பதினெட்டு வருடக் காகிதத்தால்தான் கடக்க முடியவில்லை. இருபது ரூபாய்க் கண்ணாடி வில்லைக்கு இருக்கிற சீட்டு அவளுக்கு இல்லை.

ஊசியோடு நர்ஸ் நெருங்கினாள். அவள் எழுந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் பக்கத்து மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டுலயும் பாருங்க. அப்புறம் எங்க வேணா குத்துங்க."

"பேஷன்ட் சொல்லி நான் பார்க்கணுமா?" என்றாள் நர்ஸ்.

"பார்த்துடுங்க சிஸ்டர்," என்றார் டாக்டர், தகராறு முடிந்தால் போதும் என்பதுபோல.

வலது கையில் நூற்றிருபது.

டாக்டர் இடது மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைத் தேடினார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். பாட்டிலை அவரே கழற்றினார். ஸ்கேனில், ஐந்து வயது ஆபரேஷன் நடந்த இடத்து வால்வு மோசமாக ஒழுகியது. அந்த ஒழுக்கால் இதயத்தின் வலது பக்கம் வீங்கியிருந்தது. ஏற்கெனவே வீங்கிய அந்த இதயத்துக்குள்தான் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றப் பார்த்தார்கள்.

"இந்த வால்வை வருஷா வருஷம் பார்த்திருக்கணும். ஏன் இத்தனை வருஷம் வரல?" என்றார் டாக்டர்.

அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் பேசியது அம்மா. இருபத்து நாலு வருடம் வெள்ளைக் கோட்டு முன்னால் உட்காரக்கூடத் தயங்கியவள்.

"வராதேன்னு சொன்னது உங்கள மாதிரி ஆஸ்பத்திரிக்காரங்கதான் சார். ஒரு லெட்டர்கூட எழுதிக் குடுக்கல. இப்ப அவ சொல்றா, நீங்க எழுதுங்க."

அவர் தன் மேசைக்கு எதிர் நாற்காலியில் அவளை உட்காரவைத்துப் புது ஃபைலைத் திறந்தார். அவள் எட்டாம் மாதத்திலிருந்து ஆரம்பித்தாள். முதல் வரி, இடது கையில் பிரஷர் பார்க்கக்கூடாது. சிவப்பு மையில் எழுதச் சொன்னாள், எழுதினார். வால்வு மாற்ற வேண்டிய தேதிவரை எழுதி முடித்து ஃபைலை மூடப்போனார்.

"எனக்கு ஒரு காப்பி வேணும் சார்."

"ஃபைல் வெளிய போகாதும்மா. ரூல்ஸ்."

"ஒரு ரூல்ஸுக்கு ஆறு வருஷம் குடுத்தாச்சு சார்."

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு அம்மாவும் உட்கார்ந்துகொண்டாள். வெளியே வரிசை முணுமுணுத்தது. டாக்டர் நர்ஸிடம் ஃபைலை நீட்டி ஜெராக்ஸ் மிஷின் பக்கம் கை காட்டினார்.