கொடித்தோடையும் என் கைராசியும்

வேலணையில் எங்கள் கிணற்றடிப் பந்தலில் கொடித்தோடை, அந்தப் பாஷன்புரூட் கொடி, மூன்று வருடமாகப் பூத்துக் கொட்டியது. ஒரு காயும் பிடிக்கவில்லை. நட்டது நான். கலியாணமாகி ஆறு வருடம், எனக்கும் பிள்ளை இல்லை. மாமி இரண்டையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார். "எதுக்கும் கைராசி வேணும்" என்பார், என்னைப் பாராமல் தண்ணீர் வாளியைப் பார்த்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பண்ணைப் பாலத்து ஆமிச் சோதனையில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறி, தனியாக ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள் நான். எனக்கு ஒரு குறையும் இல்லையென்று டொக்டர் சொன்னார். "நீங்களும் ஒருக்கா வாங்கோ" என்று வீட்டில் இவரைக் கேட்டால், "எனக்கென்ன குறை?" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எண்பத்தெட்டில் வெங்காயத் தோட்டம் பார்க்க வந்த விவசாயப் போதனாசிரியரை மறித்துப் பந்தலடிக்குக் கூட்டிப் போனேன். மாமியும் பின்னால் வந்தார்.

"இந்தக் கொடியின்ரை மகரந்தம் இதுக்கே சேராது, தங்கச்சி. பக்கத்திலை வேறை கொடி நிக்கவேணும்."

"அடுத்த வளவிலை நிக்குதே. நான்தான் இதிலை தடி வெட்டிக் குடுத்தனான்."

"அப்ப அதுவும் இதுதான். விதையிலை முளைச்ச வேறை கொடி தேடுங்கோ."

"அப்ப கொடியிலை பிழை இல்லையோ?" என்று மாமி கேட்டார்.

"இது நல்ல கொடி அம்மா. இதை மட்டும் பாத்து என்ன பிரயோசனம்?"

அல்லைப்பிட்டியில் என் சிநேகிதி வீட்டில் விதைக்கொடி ஒன்று நின்றது. அந்தப் பூ மத்தியானத்துக்குப் பிறகுதான் விரியும். கொதிக்கிற வெயிலில் சைக்கிள் மிதித்து, சாப்பாட்டுப் பெட்டியில் பூக்களைக் கொண்டுவந்து எங்கள் பூக்களில் தடவினேன். கை எட்டாத பூக்கள் மறுநாள் வாடி விழுந்தன. தடவியவை ஒரு கிழமையில் பச்சையாகத் திரண்டன. மாமி தினமும் காலையில் போய்ப் பார்த்தார்.

முதல் பழம் விழுந்த அன்று, மாமி கிணற்றடியிலேயே அதை வெட்டிச் சீனி போட்டு மகனிடம் கொடுத்தார். அவர் தின்று முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"தம்பி, திங்கட்கிழமை இவளோடை நீயும் ஆஸ்பத்திரிக்குப் போ. உன்னை இன்னும் ஒருத்தரும் பாக்கேல்லை."

இவர் என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன்.