கைக்கு ஒட்டாத பிடி

துருப்பிடித்த கத்தியைக் கண்ணாடிபோல ஆக்குவது எப்படி என்று செல்போனில் ஒருவர் காட்டினார். பார்த்து நானும் தேய்த்தேன். அவருக்குக் கத்தி மின்னியது. எனக்கு விரல் தோல் உரிந்தது. அருப்புக்கோட்டை வீட்டு மொட்டைமாடியில் நான் படும் பாட்டைப் பார்த்து, “கடையில புதுசு விக்கிதுல்ல, வாங்கித் தொலைய வேண்டியதுதான” என்றாள் மனைவி.

அது எப்படி வாங்க? பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்காகச் சாமான்களை ஒதுக்கியபோது பரணில் கிடைத்தது அது. தாத்தா காலத்து இரும்பு. கடைசியில் செங்கல்பொடியும் மண்ணெண்ணெயும்தான் துருவை அசைத்தன. ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்கி எவ்வளவோ காலமாயிற்று. யார் யாரிடமோ கெஞ்சி ஒரு பாட்டில் தேற்றினேன். மூடியைத் திறந்ததும் அந்த வாடை என்னை ஊர்க் கொல்லைக்கே கொண்டுபோய் விட்டது. அரிக்கேன் விளக்கு, கரி பிடித்த சிம்னி, இடுப்புயரக் கொல்லைச் சுவர்.

சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சித்தப்பா வீடு. பாகம் பிரித்தபோது எல்லாமே இரண்டாயிற்று. கத்தி ஒன்றே ஒன்று என்பதால் பொதுவில் நின்றது.

அக்காவின் காதுகுத்துக்கு அப்பா ஊரெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். தன் தம்பிக்கு மட்டும் சுவர் வழியாக எட்டிச் சொன்னார். கூடப்பிறந்தவனுக்கு என்ன முறை என்று நினைத்துவிட்டார் பாவம். சித்தப்பாவோ தனி அடுப்பு வைத்து அப்போதுதான் ஊர் வரிக்கணக்கில் தனித் தலைக்கட்டு ஆனவர். “ஊருக்கெல்லாம் வெத்தலபாக்கு, எனக்குச் செவுத்து மேலயா?” என்று கேட்டவர், அதோடு பேச்சை விட்டார்.

கத்தி மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. கறி அரிய, கத்தாழை நார் கிழிக்க, தேவைப்பட்டவர் சுவர் மேலிருந்து எடுப்பார். வேலை முடிந்ததும் அங்கேயே வைப்பார். கழுவித் துடைத்து வைப்பதில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் போட்டி.

ஒரு கோடையில் பிடி வெடித்தது. அப்பா உடைமரக் கட்டை ஒன்றை எடுத்துச் சீவ உட்கார்ந்தார். சீவுவார், இடக்கையில் பிடித்துப் பார்ப்பார், மறுபடி சீவுவார். அரக்கை உருக்கிப் பிடியை ஏற்றிச் சுவரில் வைத்துவிட்டு வந்தார். அப்புறம் அம்மாவுக்கு ஒரே குறை.

“என்ன பிடி போட்டீக, கைக்கு ஒட்டவே மாட்டேங்குது.”

“மரம் அப்படி” என்பார் அப்பா.

அப்பா இறந்தபோது சித்தப்பா பாடைக்குத் தோள் கொடுத்தார். அண்ணன் தம்பி பேச்சுதான் நடக்காமலே போயிற்று. அதற்குப் பிறகு கத்தியை அம்மா பரணில் போட்டுவிட்டாள்.

போன வாரம் அலகு வெளுத்ததும் பிடிக்கு எண்ணெய் தடவினேன். கட்டைவிரல் பள்ளம் எனக்கு மாற்றுப் பக்கத்தில் இருந்தது. சும்மா இடக்கைக்கு மாற்றினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் இடக்கைக்காரர் சித்தப்பா ஒருவர்தான்.

வாயால் சொல்ல முடியாததை அப்பா இந்தக் கட்டையில் சொல்லியிருக்கிறார். அது தம்பிக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

சித்தப்பா கயிற்றுக் கட்டிலில் இருந்தார். பார்வை மங்கிவிட்டது. விஷயத்தைச் சொல்லி, “ஒங்களுக்குத் தெரியுமா சித்தப்பா?” என்று கேட்டேன்.

“எடுத்த அன்னைக்கே தெரியும்ப்பா. அவுகளா வந்து ஒரு வார்த்தை பேசட்டும்னு இருந்தேன். நான் வருவேன்னு அவுக இருந்திருப்பாக.”

எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் இருவருக்கும் சண்டை வந்துவிடுமாம். அதனால் கட்டில் ஓரத்தில் வைத்தேன். அவர் எடுக்கவில்லை. இடக்கையை நீட்டியபடியே இருந்தார்.

“கையிலயே குடுப்பா. இனிமே சண்டை போட எனக்கு யாரு இருக்கா?”