நாற்பத்திரண்டாவது புள்ளி

அன்று காலை பதினொரு மணிக்குள் ஆறு தடவை பார்த்த வெள்ளைத் திரைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மேலே ஃபைலின் பெயர் இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. கம்ப்ளையன்ஸ் மேடம் நாற்காலியை முன்னால் இழுப்பார், எதையோ மாற்றுவார், மறுபடி திறப்பார். மறுபடி வெள்ளை. வேன் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு நான் பின்னால் நின்றிருந்தேன். கோளாறுக்குக் காரணம் நானாக இருக்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கோவில்பட்டிப் பக்கமிருந்து கிளம்பி, லாரி கிளீனர், மும்பையில் டீக்கடை, கேரளாவில் ரப்பர் தோட்டம் என்று சுற்றி, எங்கேயும் இரண்டு வருஷம் நிலைக்காமல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேன் டிரைவராக வந்தேன். மேடம் குண்டடத்து விவசாயக் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் போடுகிற விதிகளைக் கம்பெனி ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வேனில் போகும் பெண்கள் பத்திரமாக வீடு சேர்கிறார்களா, ஒவ்வொருவரும் எங்கே இறங்குகிறார்கள் என்று மேப்பில் காட்டச் சொல்லியிருந்த பையரின் ஆட்கள், அன்றுதான் நேரில் பார்க்க வருவதாக இருந்தது. மேடம் வீடியோ பார்த்துத் தானாகவே கோடிங் கற்றுக்கொண்டவர். எழுத எழுதக் கீழேயே பலன் தெரிகிற ஒரு பக்கம் வைத்திருந்தார். அதற்கு நோட்புக் என்று பெயராம். ஒரு வாரம் நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் போனை வைத்து இடத்தைக் குறித்துக் கொடுத்தேன். நோட்புக்கில் மேப் அழகாக வந்தது. புள்ளியைத் தொட்டால் பெயர், போன் நம்பர், இறங்கும் இடம் எல்லாம் விரியும். அதைத் தனி ஃபைலாக வெளியே எடுத்தால்தான் வெள்ளை.

நாற்பத்திரண்டு பெண்களில் ஒருவருக்கு மட்டும் நான் இடம் எழுதவில்லை. செக்கிங் பிரிவில் இருந்த அக்கா அவர், எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். கணவன் ஒடித்த கையில் கட்டுப் பிரித்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்தவர். அவன் இரண்டு முறை கம்பெனி கேட்டில் வந்து நின்றான், வாட்ச்மேன் விரட்டிவிட்டார். வீட்டில் வாட்ச்மேன் கிடையாது. அவனுடைய தம்பி எங்கள் இரண்டாவது யூனிட்டில் சூப்பர்வைசர். அதனால் அக்கா வேனில் ஒருநாள் இறங்கிய இடத்தில் மறுநாள் இறங்க மாட்டார். "தம்பி, நான் எங்க எறங்குதேன்னு யாருகிட்டயும் சொல்லாதீய" என்று ஒரே ஒருமுறை சொன்னார். நான் சொல்லவில்லை. பட்டியலில் அவருடைய கட்டத்தைக் காலியாக விட்டேன்.

முதலாளி கதவில் தலையை நீட்டினார். "என்னங்கம்மிணி, மேப்பு வந்துச்சுங்களா? அவிய அவினாசி தாண்டீட்டாங்களாம். வந்ததீமு குரூப்புல போட்டுருங்க, ரெண்டு யூனிட்டு சூப்பர்வைசருங்களும் பாத்துக்கட்டும்."

அக்கா கணவனின் தம்பியும் அந்தக் குரூப்பில் இருந்தான். அதே நேரத்தில் மேடம் காலிக் கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நோட்புக் அந்தக் காலியைத் தாண்டிப் போய்விடுமாம். வெளியே எடுத்த ஃபைலில் அந்தக் காலியும் கூடப் போய் உட்கார, பிரவுசர் அதைப் படிக்கத் தெரியாமல் மொத்த மேப்பையும் கைவிட்டுவிடுகிறதாம். அக்கா எங்கே இறங்குவார் என்று கேட்டார். மறந்துவிட்டது என்றேன். நேரமில்லாததால் அவர் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதும் அந்தக் கட்டங்களில் பூஜ்யத்தைப் போட்டார். ஃபைல் திறந்தது. திருப்பூருக்குப் பதில் உலகமே தெரிந்தது.

"ஏனுங்கண்ணா, உங்க செக்கிங் அக்கா ஆப்பிரிக்காகிட்ட கடலுக்குள்ள எறங்கறாங்களாட்ட இருக்குது. நம்ம வேன் அதுவரைக்கும் போகுதுங்களா?"

சிரிப்பு வந்தது. சிரிப்போடு வாயும் நழுவியது. "அங்கேயே எறங்கட்டும் மேடம். அங்கன்னா நிம்மதியா இருப்பாங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் திரையில் ஒரு புள்ளியைத் தொட்டார். ஒரு பெண்ணின் பெயரும் போன் நம்பரும் விரிந்தன. இன்னொன்றைத் தொட்டார்.

"அவங்க ஒருத்தர் வாயத் தொறந்து சொன்னாங்க. சொல்லாதவிய இதுல எத்தன பேருங்கண்ணா?"

நாற்பத்தொரு பேருடைய இடத்தையும் அவர்களில் ஒருத்தியைக்கூடக் கேட்காமல் குறித்தவன் நான். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதால் நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது தூத்துக்குடியில் மீன் வண்டி ஓட்டுகிறேன். நான் எங்கே நிறுத்தி டீ குடிக்கிறேன் என்பது இந்த முதலாளியின் போனில் தெரியும். வண்டியில் கருவி மாட்டும்போது என்னையும் யாரும் கேட்கவில்லை. மேடத்தின் கேள்வி அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

அன்று மேடம் எல்லோருடைய பெயரையும் போன் நம்பரையும் மொத்தமாக அழித்தார். புள்ளியைத் தொட்டால் வேன் வரும் நேரமும் எத்தனை பேர் என்பதும் மட்டும். அக்காவின் புள்ளியைக் கம்பெனி கேட்டில் வைத்தார். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டபோது ஃபைல் சரியாகத் திறந்தது. முதலாளி ஒரு புள்ளியைத் தொட்டுப் பார்த்தார்.

"பேரு எங்கீங்க?"

"காயிதத்துல எங்கிட்ட இருக்குதுங்க சார். வேணுங்கறவங்க என்ற ரூமுக்கு வந்து பாத்துக்கட்டும்."

"அவிய கேட்டது பேரோடதானுங்க அம்மிணி."

"தெரியுமுங்க. கேட்டா நானே பதில் சொல்லிக்கறனுங்க."

கேட்டார்கள். மேடம் சொன்ன பதிலைப் பையரின் ஆட்கள் ஏற்கவில்லை. அறிக்கையில் அந்தப் பகுதி முழுமையாக இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் முதலாளி மேடத்திடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வேனில் முன் சீட்டில் உட்கார்ந்தார். விஷயம் காதுக்கு எட்டியிருந்தது.

"மேப்பு போட்டாகளாமே தம்பி. நானும் இருக்கேனா?"

"கேட்டுல ஒரு புள்ளியா இருக்கீங்கக்கா. பேரு யாருக்குமே இல்ல."

"மத்த பிள்ளைகளுக்கும் இல்லியா?"

"இல்லக்கா."

பின்னால் பெண்கள் எதற்கோ கூட்டமாகச் சிரித்தார்கள். அக்கா திரும்பி அவர்களைப் பார்த்தார். பிறகு ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தச் சொன்னார். அதற்கு முன் அவர் அங்கே இறங்கியதே இல்லை. கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் நடக்கிறார் என்று கண்ணாடியில் பார்க்காமல் வண்டியை எடுத்தேன்.