ஆட்டு மூளை ஊசி

நரம்பு மண்டலத்தில் வரும் அழற்சிதான் என் ஆராய்ச்சி. எண்பதுகளில் இதைச் சொன்னால் எங்கள் பொம்மிடி உறவுக்காரர்கள், "நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து குடுக்கறியா?" என்று கேட்பார்கள். விளக்கி விளக்கி வாய் வலித்தபின், ஆமாம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

வெறிநாய்க்கடிக்கு அப்போது தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி, ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. மிளகு போட்டு வறுத்துத் தின்கிறோமே, அதே மூளை. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய ஊசி அது. ஆனால் எங்கோ ஒருவருக்கு, அந்த மூளைச் சத்தை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு தன் சொந்த நரம்பையும் எதிரி என்று நினைத்துத் தாக்கிவிடும். நரம்பு வீங்கும்; கால் விழுந்துவிடும். அப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் சென்னையிலிருந்து ரயிலேறி எங்கள் ஊர்ப் பக்கம் வருவேன். இப்படியும் ஒரு பிழைப்பா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒருமுறை அரூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். சித்தேரி மலையில் சாமை விதைக்கும் கணவன் மனைவியை ஒரே நாய் கடித்திருந்தது. நாய் வெறி முற்றிச் செத்துவிட்டது. இருவரும் மலையிறங்கி வந்து தங்கி தினமும் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, கணவருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு காலும் அசையாமல் போய்விட்டன. நாய் விஷம் ஏறிவிட்டது என்று வார்டே காலியாகிவிட்டது. அந்த விஷம் ஏறியவர்கள் பெரும்பாலும் தண்ணீரைக் கண்டாலே மிரளுவார்கள். நான் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினேன். அவர் மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "இன்னொரு சொம்பு குடுங்க. வூட்டுக்காரியைத் தவிர யாரும் கிட்டவே வரமாட்டேங்கறாங்க" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. முதுகுத்தண்டு நீரையும் எடுத்துப் பார்த்தபின், இது நாயின் வேலை இல்லை, ஊசியின் வேலை என்று தெளிந்து, வீக்கத்தை அடக்கும் மருந்தைத் தொடங்கினோம்.

சிக்கல் அவர் மனைவிதான். கணவன் படுத்த நாளிலிருந்து அவள் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. பாதியில் விட்டால் அந்த நாயின் நோய் அவளுக்கு வரலாம். வந்துவிட்டால் யாராலும் காப்பாற்ற முடியாது. மூளை சேராத வேறு வகை ஊசி பெரிய நகரங்களில் உண்டு. விலை அதிகமான அதைக் கணவருக்கு மட்டும் எப்படியோ வரவழைத்தோம்; இன்னொருவருக்கு எங்கள் கைக்கு எட்டாது.

"ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு சொல்லிடுங்க. வெளிய தெரிஞ்சா ஒருத்தரும் ஊசிக்கு வரமாட்டாங்க" என்றார் அந்த ஆஸ்பத்திரி டாக்டர். அவர் கவலை நியாயமானதுதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் வயிற்றில் குத்தும் ஊசியைப் பற்றி அவளுக்குத் தெரியக்கூடாதா?

கட்டிலோரம் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். "இவருக்குக் கால் விழுந்தது ஊசியாலதாங்க. காவலுக்கு வெச்ச நாயே வூட்டுக்காரனைக் கடிச்ச மாதிரி."

"அப்ப அதுக்கும் வெறியா?"

"வெறிதான். ஆனா அடங்கும். அதுக்குத்தான் மருந்து குடுக்கறோம்."

"எனக்கும் கால் போச்சுன்னா?"

"போகாதுன்னு சத்தியம் பண்ண முடியாது. போனா இதே மருந்து தர்றேன், கூடவே இருக்கேன். ஆனா நாய் நோவு வந்துட்டா என்கிட்ட மருந்தே இல்லீங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். "போட்டுக்க புள்ள. கால் போனா நான் தூக்கிக்கறேன்" என்றார் அவர், படுத்தபடியே.

"மொதல்ல நீ எந்திரி" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசி அறைக்குப் போனாள்.

சென்னைக்குத் திரும்ப வேண்டிய நான் அங்கேயே தங்கிவிட்டேன். தினமும் ஊசிக்கு முன் அவள் முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டி, காலைத் தூக்கச் சொல்லியும் பார்ப்பேன். பயம் எனக்குத்தான் அதிகம். அவளோ வேண்டுமென்றே காலைத் தூக்காமல் இருந்துவிட்டு, என் முகம் போன போக்கைக் கணவனிடம் நடித்துக் காட்டுவாள். அதற்குள் அவர் காலை மடக்கவும், கட்டிலைப் பிடித்து நிற்கவும் ஆரம்பித்திருந்தார்.

அவளுடைய கடைசி ஊசியன்று, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அவரும் ஊசி அறை வரை நடந்தே வந்தார். வாசலில், நாய் கடித்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே போகத் தயங்கி நின்றாள். "இந்த ஊசியில கால் போயிடுமாமே?" என்றாள். டாக்டர் என்னை முறைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"ஆமா, இவருக்குப் போச்சு. இப்ப நடக்கறாரு, பாரு. எனக்கு ஒண்ணும் ஆவல. என்ன வேணும்னாலும் இந்த டாக்டரம்மாவைக் கேளு, மறைக்காம சொல்லுவாங்க."

அந்தப் பெண் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.