அலை தேடிப் போன வருஷம்

என் தம்பிக்கு அலைப் பைத்தியம் பிடித்தது எண்பதுகளின் தொடக்கத்தில். பினாங்கில் பிறந்து வளர்ந்தவனுக்கு வரக்கூடாத பைத்தியம் அது. தீவைச் சுற்றிக் கடல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் மேற்கே சுமத்ரா குறுக்காகப் படுத்துக்கொண்டு, இந்துமாக்கடலின் பெரிய அலைகளையெல்லாம் தன் மறுபக்கத்திலேயே நிறுத்திவிடும். எங்கள் கரைக்கு வந்து சேர்வது குழந்தைகள் கால் நனைக்கிற அலைதான்.

அவன் அப்போது பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் டெக்னீஷியன். நான் ஜார்ஜ் டவுனில், துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் பாயான் பாருவில் வரிசை வீடுகளில் ஒன்றை வாங்கியிருந்தார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்தவர், அம்மா கல்யாணமாகி வந்தவள். முப்பது வருஷம் கழித்தும் அவர்கள் வீட்டுக்குள் பேசியது யாழ்ப்பாணத் தமிழ். நானும் தம்பியும் பேசியது பினாங்குத் தமிழ்.

தம்பிக்கு ஒரு பள்ளித் தோழன் இருந்தான். சூலியா ஸ்திரீட்டில் அவன் அப்பாவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. அந்தத் தெருவின் மலிவு ஹோட்டல்களில் தங்கும் வெள்ளைக்காரப் பயணிகள் ரொட்டிக்கும் தேத்தண்ணிக்கும் அங்கேதான் வருவார்கள். அப்படி வந்தவன்தான் அந்த ஆஸ்திரேலியாக்காரன். முதுகில் பை, கக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகை. தம்பியும் தோழனும் மாலை நேரங்களில் அவனோடு உட்கார்ந்து அலைக்கதை கேட்டார்கள். ஒரு நாள் காற்றும் மழையுமாக இருந்தபோது மூவரும் பலகையை எடுத்துக்கொண்டு பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போனார்கள். முழங்கால் உயர அலையில் தம்பி எழுந்து நின்றுவிட்டான். இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான் நின்றிருப்பான். அன்றோடு அவன் கெட்டான்.

அடுத்த வாரம் ஆஸ்திரேலியாக்காரன் இந்தியாவுக்குப் புறப்பட்டான். பலகை ஓர் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது, ரயிலில் கொண்டுபோவதும் தொல்லை, நீயே வைத்துக்கொள் என்று தம்பியிடம் கொடுத்துவிட்டான். தம்பி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது என்ன, இஸ்திரி போடுற பலகையோ?"

"கடல்ல ஏறி நிக்கிறது, அப்பா."

"ஏன், நிலத்தில நிண்டா காணாதோ?"

மீன்பிடிப் படகு பழுது பார்க்கும் ஒரு சீனரிடம் பசையும் கண்ணாடி நாரிழைத் துணியும் வாங்கிவந்து, தம்பி அந்த விரிசலை அடைத்தான். வீடு முழுக்க ஒரு வாரம் அந்த மருந்து நெடி. அம்மா வாசலில் சாம்பிராணி போட்டுப் பார்த்தாள், தோற்றுப்போனாள்.

போகிற வெள்ளைக்காரன் பலகையோடு ஒரு யோசனையையும் விட்டுவிட்டுப் போயிருந்தான். இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்குடா என்று ஓர் இடம் இருக்கிறது, அலை நன்றாக இருக்கும், செலவு கொஞ்சம், அங்கே உன் பாஷை பேசுவார்கள் என்றானாம். தம்பி வீட்டில் இதைச் சொன்ன நாளில் அதிகம் மகிழ்ந்தது அப்பா. அலையெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. பிள்ளை ஊரைப் பார்க்கப் போகிறான், அதுதான் அவருக்குக் கணக்கு. கொழும்பில் எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும், யாழ்ப்பாணத்தில் யார் வீட்டில் தங்க வேண்டும், அங்கிருந்து கிழக்கே எப்படிப் போவது என்று சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியையும் மோர்க் கிண்ணத்தையும் ஊர்களாக வைத்துக் காட்டுவார். தம்பியும் தோழனும் இரவுச் சோறு முடிந்தும் எழுந்திருக்க மாட்டார்கள். எனக்கும் கேட்கப் பிடித்திருந்தது.

பிறகு எண்பத்து மூன்று ஜூலை வந்தது. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த செய்தியை அப்பா வானொலிப் பெட்டிக்கு அருகில் நின்றபடியே கேட்டார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அப்பாவின் தங்கை குடும்பம் கொழும்பில் இருந்தது. அவர்கள் உயிரோடு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிய நாளாயிற்று. அதன் பிறகு எங்கள் மேசையில் யாரும் ரயிலைப் பற்றிப் பேசவில்லை. பலகை பின்கட்டில், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து கிடந்தது.

அதை மறுபடி பேச்சுக்குக் கொண்டுவந்தது நான்தான். என் அலுவலகச் சுவரில் சுமத்ராவின் கடல் வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். ஒரு நாள் அதன் மேற்குக் கரைக்கு அப்பால், பெருங்கடலைப் பார்த்தபடி ஒரு தீவு கண்ணில் பட்டது. நியாஸ். பெலாவானிலிருந்து சரக்குக் கப்பலில் வரும் ஓர் இந்தோனேசிய அதிகாரியிடம் விசாரித்தேன்.

"அங்க வெள்ளைக்காரங்க பலகையத் தூக்கிட்டுப் போறாங்க, பைத்தியங்க," என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

அன்று மாலை நேரே சூலியா ஸ்திரீட்டுக்குப் போய் இருவரிடமும் சொன்னேன். தோழன் ரொட்டிக்கல்லை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கப்பல் பஸ்ஸு எல்லாம் நீங்க பாருங்க லா. ஓம்பாக் பக்கம் நாங்க பாத்துக்குறோம்."

ஓம்பாக் என்றால் மலாயில் அலை. அந்த இரண்டு பேரும் அதைத் தமிழ்ச் சொல்லாகவே ஆக்கிவிட்டிருந்தார்கள்.

அந்த ஏற்பாட்டு மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் இலேசாகிறது. பினாங்கிலிருந்து பெலாவானுக்குப் படகு. அதையொட்டிய மேடானிலிருந்து மலைகளைக் கடந்து சிபோல்காவுக்குப் பஸ். அங்கிருந்து நியாஸுக்கு இன்னொரு படகு. விமானம் என்ற பேச்சே இல்லை. கடைக்கு வரும் பயணிகளில் யாராவது அந்தப் பக்கம் போய்விட்டு வந்தவனாக இருந்தால், தோழன் அவனுக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றி உட்கார வைத்துவிடுவான். எந்த லோஸ்மென்னில் மூட்டைப்பூச்சி இல்லை, மலேரியாவுக்கு என்ன மாத்திரை, எந்த மாதம் அலை நல்லது, எல்லாம் அப்படி வந்த தகவல்தான். லோஸ்மென் என்றால் அங்கே மலிவான தங்கும் விடுதி. பணம் சேர்க்கத் தம்பி ஓவர்டைம் செய்தான், படம் பார்ப்பதை விட்டான். தோழன் தலைமுடி வெட்டுவதைக்கூட விட்டுவிட்டான். அவன் அப்பா திட்டிய பிறகுதான் வெட்டிக்கொண்டான். அவர்கள் கூப்பிட்ட போதெல்லாம் நான் போய் வழி சொன்னேன். போகப்போவது அவர்கள்தான், எனக்கு என்ன வந்தது என்று அடிக்கடி எனக்கே சொல்லிக்கொண்டேன்.

எண்பத்து நாலாம் வருஷம், புறப்படக் கொஞ்ச நாளே இருந்தபோது, தோழனின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தோழன் எங்கள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வாசல் கேட் அருகிலேயே நின்றான்.

"என்னால வர முடியாது, டா. கடைய யாரு பாக்குறது?"

"அப்ப நானும் போகல," என்றான் தம்பி.

"நீ போகாட்டி எனக்கு ரொம்ப சூசாவா, கஷ்டமா இருக்கும். நீ போயிட்டு வந்து சொல்லு."

தம்பி தலையை ஆட்டவே இல்லை. தனியாகப் போக அம்மா விடமாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்போதுதான் என் வாய் தானாகப் பேசியது.

"நான் வரேன்."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதக் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. நீச்சல் தெரியாது. ஈப்போவுக்கு அப்பால் நான் தனியாகப் போனதில்லை.

அம்மா கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள். "உனக்கென்ன விசரோ?"

"பத்து நாள்தானே, அம்மா."

"கோலாலம்பூர் ஆக்களுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? எங்கட மகள் கடலுக்கை பலகை விடப் போயிட்டாள் எண்டோ?"

"வேற நாள் வரச் சொல்லுங்க."

"அவையள் வேற பெட்டையைப் பாக்கப் போயிடுவினம்."

அப்பா செய்தித்தாளை மடித்தார். அந்த ஜூலைக்குப் பிறகு அவர் வீட்டில் அதிகம் பேசுவதில்லை.

"ரெண்டு பிள்ளையளும் போகட்டும். நாங்கள் போக நினைச்ச இடத்துக்குத்தான் போகேலாமல் போச்சு. கோலாலம்பூர் ஆக்களோட நான் கதைக்கிறன்."

அதற்கு மேல் அம்மா வாதாடவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் அடுப்பில் தட்டைவடை வெந்துகொண்டிருந்தது. ஒரு பிஸ்கட் டின் நிறையப் போட்டுத் தம்பி கையில்தான் கொடுத்தாள், என் கையில் இல்லை.

பலகையை அம்மாவின் இரண்டு பழைய சேலைகளில் சுற்றிக் கட்டினோம். மேடான் பஸ்ஸின் கூரையில் அதை ஏற்றியபோது அது என்ன என்று கேட்காத ஆள் இல்லை. ஒரு பெரியவர் விமானத்து இறக்கை என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து போனது. எனக்கு வாந்தி, தம்பிக்கு வாந்தி, எங்கள் முன்னால் கூடையில் இருந்த கோழிக்கு மட்டும் ஒன்றும் இல்லை. சிபோல்காவில் படகு ஏறி, விடிந்தபோது நியாஸின் கரை தெரிந்தது. தென்னை, தென்னைக்குக் கீழே மரவீடுகள், வளைந்த ஒரு குடா. குடாவின் முனையில் அலை.

நான் பார்த்திருந்த கடல் அதுவல்ல. தூரத்தில் ஒரு கோடு எழும், பச்சைச் சுவராக உயரும், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராக மடிந்துகொண்டே போகும். சத்தம் பிறகுதான் வந்து சேரும். தம்பி அதைப் பார்த்தபடியே நின்றான்.

"பத்து பெரிங்கி மாதிரி இல்ல, கா."

"பாத்தாலே தெரியுது."

முதல் நாளே போனான். கரையில் நின்று நான் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாவதோ நான்காவதோ அலை அவனைப் பலகையோடு தூக்கிப் பவளப்பாறைமேல் போட்டது. அவன் எழுந்து வந்தான், காலில் இரத்தம், கையில் பாதிப் பலகை. மறுபாதி கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே கரை ஒதுங்கியது. அவன் அடைத்த விரிசல் அப்படியே உறுதியாக இருந்தது, பக்கத்தில்தான் முறிந்திருந்தது.

காலைக் கழுவி மருந்து போட்டுவிட்டேன். அவன் லோஸ்மென் வாசலில் உட்கார்ந்து கடலைப் பார்க்காமல் மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளும் அப்படியே. இவ்வளவு தூரம் வந்து இவனை இப்படிப் பார்க்கவா வந்தேன் என்று எனக்குக் கோபம் வந்தது. பாதிப் பலகையைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன்.

"எனக்குக் கத்துக் குடு."

"உனக்கு நீந்தத் தெரியாது, கா."

"இடுப்பளவு தண்ணியில நிக்கத் தெரியும்."

குடாவின் உட்பக்கத்தில், பெரிய அலை உடைந்து நுரையாக வந்து சேரும் இடத்தில் மணல்தரை. சட்டையும் சாரோங்கும் இறுகக் கட்டிக்கொண்டு அந்தப் பாதிப் பலகையில் குப்புறப் படுத்தேன். தம்பி பின்னால் நின்று பிடித்துக்கொண்டான்.

"இரு. இது வேணாம். இதுவும் வேணாம். இப்ப, அக்கா, கையப் போடு."

அவன் தள்ளினான். முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று என்னைத் தூக்கியது. பிறகு நான் போய்க்கொண்டிருந்தேன். எதையும் செய்யாமலே, யாரையும் கேட்காமலே, கரையைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தேன். பலகையின் மூக்கு மணலில் தட்டி நின்றபோதுதான் நான் உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. தம்பியும் சிரித்தான், முறிந்த பலகையை மறந்து. அன்று மதியம்வரை என்னை அவன் கரையேற விடவில்லை. விட்டிருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன்.

எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து விடுதியில் தங்கியிருந்த தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன், சாயங்காலம் தன் பலகையைத் தம்பிக்குக் கொடுத்தான். அலைக்காக எங்கே காத்து உட்கார வேண்டும், எந்த அலையை விட வேண்டும் என்று கூடவே போய்க் காட்டினான். அன்றும் மறுநாளும் தம்பி விழுந்துகொண்டே இருந்தான். அதற்கு அடுத்த நாள் காலை ஓர் அலையில் எழுந்து நின்றான். முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, அந்தப் பச்சைச் சுவரின் குறுக்கே கடைசிவரை வந்தான். நான் கரையில் தனியாக நின்று கைதட்டினேன். இன்னும் சில அலைகள் அவனுக்குக் கிடைத்தன. ஆனால் பிற்பாடு அவன் சொன்னதெல்லாம் அந்த ஒன்றைப் பற்றித்தான். பாதிப் பலகையை லோஸ்மென் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் கறுத்துத் திரும்பினோம்.

கோலாலம்பூர்க்காரர்கள் திரும்ப வரவில்லை. அப்பா அவர்களிடம் உள்ளதை உள்ளபடியே சொல்லியிருந்தார். எனக்கு வருத்தம் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன்; இல்லை. இரண்டு வருஷம் கழித்துத் தைப்பிங்கில் ஓர் ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டேன். தம்பி எண்பதுகளின் கடைசியில் பெர்த்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். தோழன் கடையைப் பெரிதாக்கினான். அலைமேல் ஏறவே இல்லை. ஆனால் நாங்கள் திரும்பி வந்த மறுநாள் அவன் கேட்டதுபோல் வேறு யாரும் அந்தக் கதையைக் கேட்டதில்லை. அவன் அப்பா கட்டிலில் படுத்திருக்க, அவர் பக்கத்தில் அமர்ந்து, அலை எந்தப் பக்கமிருந்து உடைந்தது, தண்ணீர் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். தம்பி கையை வீசி வீசிக் காட்டினான்.

அம்மாதான் எதுவும் கேட்காமல் இருந்தாள். வந்து சில வாரம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள், உப்பில் காய்ந்து செம்பட்டையாகிப்போன நுனிகளைச் சிக்கெடுத்தபடி, மெதுவாகக் கேட்டாள்.

"கடலுக்கை நிண்டனியோ?"

"நின்னேன். படுத்தும் போனேன்."

அவள் கை நின்றது. அம்மா பிறந்த வீடு பருத்தித்துறையில், கடலுக்கு ஒரு தெரு தள்ளி. ஆண்பிள்ளைகள் கடலில் குளிப்பதை வேலிப் படலைக்குள் நின்று பார்த்திருக்கிறாளாம். கல்யாணமாகிக் கப்பல் ஏறிய நாளில்தான் முதன்முதலாக அந்தத் தண்ணீர் அவள் காலில் பட்டதாம். இதை அவள் எங்களிடம் அதுவரை சொன்னதில்லை.

"பயமாய் இருக்கேல்லையோ?"

"முதல்ல இருந்திச்சு. அப்புறம் அது தூக்குனதும் போயிருச்சு."

"எப்பிடித் தூக்கும்?"

நான் திரும்பி உட்கார்ந்தேன். எண்ணெய்க் கை அப்படியே இருக்க அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். படகு ஏறிய நாளிலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல் அவளுக்குச் சொன்னேன்.