அண்ணையிடம் கேட்காமல் வாங்கிய பெட்டி

ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில் வீடியோ கேம் பெட்டி ஒன்று வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, என் கணவர் வெங்காயத்துக்கு மருந்தடித்துவிட்டு வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆருக்கு?" என்றார்.

"எனக்குத்தான்."

"உந்தக் காசுக்கு ஒரு தண்ணி மோட்டர் வாங்கலாமே" என்று சொல்லிவிட்டு மற்றக் காலைக் கழுவினார். புத்தூரில் தோட்டக்காரனைக் கட்டியவள் எதற்கு ஆசைப்பட்டாலும் குறுக்கே வந்து நிற்பது இந்தத் தண்ணீர் மோட்டர்தான்.

ஆசை என்னுடையது என்றாலும் காரணம் அண்ணை. அவர் கனடாவில் இருக்கிறார். ஞாயிறு பின்னேரங்களில் வீடியோவில் அழைப்பார், அங்கே அப்போது காலை. அம்மா இருந்தவரை அந்தப் பேச்சு முடிய ஒரு மணித்தியாலம் ஆகும். அம்மா போன பிறகு சுருங்கத் தொடங்கிவிட்டது. சாப்பிட்டியோ, அங்கை மழையோ, இஞ்சை குளிர், அவர் தோட்டத்திலையோ. அவ்வளவுதான். பிறகு இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி, யார் முதலில் "சரி அப்ப" சொல்வது என்று காத்திருப்போம். ஒரு காலத்தில் கரம் விளையாடும் பலகைக்கு இரண்டு பக்கமும் இருந்து, சிவப்புக் காய்க்காக அயலட்டைக்குக் கேட்கச் சண்டை பிடித்தவர்கள் நாங்கள். இப்போது சண்டை பிடிக்கக்கூட ஒரு சாட்டு இல்லை. இப்படியே போனால் உயிரோடு இருக்கும் அண்ணையை இழந்துவிடுவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அப்படியொரு ஞாயிறில்தான் அவர் போகிற போக்கில் சொன்னார்.

"ஞாயிறிலை நான் கார் ஓட்டுற கேம் ஒண்டு விளையாடுறனான். உன்னட்டையும் ஒண்டு இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டலாம். நீ அங்கை, நான் இஞ்சை."

சொல்லிவிட்டு அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

ஒரு சாதாரண தங்கச்சி என்றால் அப்போதே கேட்டிருக்க வேண்டும்: அண்ணை, உங்களிடம் இருப்பது எந்தக் கம்பனியின் பெட்டி? ஆனால் வெளிநாட்டில் உடன்பிறப்பு உள்ள எங்கள் வீடுகளில் கேட்பது என்பது வெறும் கேள்வி அல்ல. விலை என்ன என்று கேட்டாலே அது விண்ணப்பம். ஒருமுறை மிக்சி சத்தம் போடுகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நாளில் ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் கையில் புது மிக்சி வந்து சேர்ந்தது. அது கனடாக் கரண்டுக்குச் செய்தது. இங்கே செருகியதும் புகைந்து செத்தது. "பறவாயில்லை, வேறை அனுப்புறன்" என்றார் அண்ணை. அன்றிலிருந்து அவரிடம் எந்தப் பொருளின் பெயரையும் நான் உச்சரிப்பதில்லை. மனிதர் எத்தனை காலத்துக்குத்தான் அனுப்பிக்கொண்டே இருப்பது.

ஆகவே நானாகவே படித்தேன். நான் கணக்கு ரீச்சர். ஒன்றைப் படிக்க இறங்கினால் அடி நுனி பார்க்காமல் விடமாட்டேன். புதிதாக வந்த பெட்டிகள் என் கைக்கு எட்டாது, அதற்கு முந்திய தலைமுறையில், யாரோ பாவித்து விற்ற பெட்டி ஒன்று எட்டும். டிஸ்க் போடும் வாய் இல்லாத வகை மலிவு. ஆனால் அந்த மலிவில் ஒரு சூது இருக்கிறது. ஒவ்வொரு விளையாட்டையும் இணையத்தில் முழு விலைக்கு வாங்கி இறக்க வேண்டும், எங்கள் வீட்டு டேட்டா ஒரு விளையாட்டோடு தீர்ந்துவிடும். டிஸ்க் போடும் வகை என்றால் பழைய டிஸ்க்குகளை வாங்கலாம், அலுத்தால் மாற்றலாம். பாதித் தேங்காய் வாங்கி மாதம் முழுக்கச் சம்பல் இடிக்க நினைப்பவளுக்கு இந்த வகைதான் சரி.

எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில், கம்பஸுக்குக் கிட்ட, பழைய பெட்டிகள் விற்கும் சின்னக் கடை ஒன்று உண்டு. படிப்பு முடித்து ஊருக்குப் போகும் கம்பஸ் பெடியள் விற்றுவிட்டுப் போவார்களாம். கடைக்காரத் தம்பி என் சேலையையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, மகனுக்கா என்று கேட்கவில்லை. அதற்காகவே அவனைப் பிடித்துப்போயிற்று.

"அக்கா, முதல்ல ஒண்டு சொல்லுங்கோ. ஆரோடை விளையாடப் போறியள்?"

"கனடாவிலை இருக்கிற அண்ணையோடை. கார் ஓட்டுற கேம்."

"அவரிட்டை எந்தக் கம்பனி? உந்த விளையாட்டிலை ரெண்டு பேரும் ஒரே கம்பனி எண்டாத்தான் சேரலாம்."

நான் என் போனை எடுத்து, அண்ணையின் பிறந்தநாள் படம் ஒன்றைக் காட்டினேன். கேக்குக்குப் பின்னால் ஒரு மேசை, மேசையில் கொன்ரோலர் ஒன்றின் மூலை. தம்பி படத்தைப் பெருப்பித்துப் பார்த்தான், சரித்துப் பார்த்தான்.

"ரெண்டு கம்பனியிலையும் கறுப்பு இருக்கு. இதுவாத்தான் இருக்கோணும் எண்டு நினைக்கிறன். ஒருக்கா அவரைக் கேட்டுப்போட்டு வாங்கோவன்."

"கேக்கேலாது, தம்பி."

அவன் மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை. அவனுக்கும் வெளிநாட்டில் யாரோ இருக்கிறார்கள் போல.

மிக்சியின் ஞாபகத்தில், இது எந்த நாட்டுக் கரண்டுக்குச் செய்தது என்று மட்டும் கேட்டேன். எங்கேயும் ஓடும் என்றான். அண்ணை சொன்ன நாளிலிருந்து மாதக்கணக்கில் கட்டிச் சேர்த்த சீட்டுக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்தேன். வழி முழுக்க எனக்கு ஒரே புளுகம், சந்தோஷத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உடனே அண்ணையிடம் சொல்லவில்லை. தோற்றால் அவர் அதை ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார், அந்தக் குணம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பழகினேன். முதலில் என் கார் நேராக மதிலுக்குத்தான் போகும். என் தண்ணீர் மோட்டர்க்காரரும் ஒருநாள் பக்கத்தில் வந்து குந்தினார். "கொண்டாரும் பாப்பம்" என்று கொன்ரோலரை வாங்கினார். அவர் ரேஸ் காரை லாண்ட்மாஸ்டர் உழவு மெசினைப் போல ஓட்டினார். ஒரே வேகம், பின்னால் வருபவர்கள் எல்லோருக்கும் வழி. கடைசியாகத்தான் வருவார், ஆனால் ஒருநாளும் முட்டியதில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது.

நான் முட்டாமல் ஓடப் பழகிய ஞாயிறில் அண்ணையின் அழைப்பு வந்தது. அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க முதலே போனை ரீவியின் பக்கம் திருப்பினேன்.

"அண்ணை, நானும் வாங்கிப்போட்டன். உங்கடை பெட்டியைப் போடுங்கோ, ஓடுவம்."

அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"உது மற்றக் கம்பனியடி. எங்கடை உது இல்லை."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பிறந்தநாள் கேக்கையே திட்டினேன். படத்தைப் பார்த்து வாங்கிய கதையை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"ஏன் என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் வாங்கி அனுப்பிப்போடுவியள்."

"முந்தியெண்டா அனுப்பியிருப்பன்" என்றார்.

முந்தி என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. போனை ரீவியிலிருந்து என் பக்கம் திருப்பினேன். அவராகவே கதைக்கத் தொடங்கினார். தொழிற்சாலையில் வேலை நாட்களைக் குறைத்துவிட்டார்களாம். அண்ணி இப்போது ஞாயிறும் வேலைக்குப் போகிறாவாம். அந்தப் பெட்டி மகனுடையது, அவன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்விட்டானாம். இதெல்லாம் நடந்து மாதக்கணக்காகிவிட்டது.

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"நீ ஒண்டும் கேக்கிறேல்லையே" என்றார்.

அவருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நான் வாயை மூடியிருந்தேன். அங்கே அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு தனிய இருந்திருக்கிறார். கிழமைக்கு ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"இதைப்போலை ஒண்டு எடுத்து நான் அனுப்பிவிடட்டோ? உங்கை கனடாக் கரண்டுக்கும் ஓடுமாம்" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. இத்தனை வருடத்தில் மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும் தவிர எங்களிடமிருந்து எதையும் வாங்கிப் பழகாத மனிதர். உனக்கென்ன விசரோ என்று ஏசுவார், அல்லது நெற்வேர்க் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அனுப்பு, பிள்ளை" என்றார். "ஞாயிறிலை எனக்கு நேரம் போகுதில்லை."

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்ட கையோடு திருநெல்வேலிக்குப் போனேன்.