பீளமேட்டில் அடங்காத விசில்

நண்பர்களே, இன்றைய பொழுது பீளமேட்டில் ருக்மணி அம்மாவின் ரிப்பேர் கடையிலேயே போய்விட்டது. களைத்துப்போனேன்.

அவர் பழுது பார்த்து அனுப்பிய சிக்னல் ஜெனரேட்டர், அதாவது வேண்டிய அதிர்வெண்ணில் சிக்னல் தரும் கருவி, 'அதிர்வெண் தப்பு' என்று கல்லூரி லேபிலிருந்து இரண்டாம் தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது. நாளைக்குள் சரியாகாவிட்டால் அந்த லேப் வேலை மொத்தமும் வேறு கடைக்குப் போய்விடும்.

"மீட்டர்ல சரியாத்தானுங்க காட்டுது வாத்தியாரே" என்றார்.

மதியம் வரை நானும் அதிர்வெண்ணை அளக்கும் அந்த மீட்டரை நம்பியே திருகிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"மீட்டரை எதை வெச்சு சரி பார்த்தீங்க அம்மணி?"

"இந்த ஜெனரேட்டரை வெச்சுத்தானுங்க."

வழி தெரியாத இருவர் ஒருவரிடம் ஒருவர் வழி கேட்ட மாதிரி.

டில்லியிலிருந்து சரியாகப் பத்து மெகாஹெர்ட்ஸில் வரும் நேர ஒலிபரப்பை ரேடியோவில் பிடித்தோம். பக்கத்தில் ஜெனரேட்டரையும் அதே பத்தில் ஓடவிட்டதும், இரண்டும் ஒத்துப்போகாததால் ரேடியோ விசில் அடித்தது. விசில் அடங்கும் வரை ஜெனரேட்டரைத் திருகினோம். ஐந்து மணி ஆகிவிட்டது.

ருக்மணி அம்மா முகத்தில் சந்தோஷமே இல்லை.

"போன மாசம் இதே மீட்டரை வெச்சு இன்னும் நாலு லேபுக்கு சரி பண்ணிக் குடுத்துப்போட்டனுங்களே."

அந்த நாலில் உங்களுடையது இருந்தால் எழுதுங்கள். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நாங்களே வருகிறோம். லேப் மாடியில் இருந்தால் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.